வேலாங்கரடு கிளம்பிய தை மாதம்

வேலாங்கரடு கிளம்பிவிட்டது என்ற செய்தி பிரண்டைக்குடிக்கு வந்தபோது அழகுநாச்சி தன் வாடகைப் பாத்திரக் கடை வாசலில் பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு அடிப்பிடித்த இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதனால் செய்தியின் முதல் பாதி அவள் காதில் வெறும் முழக்கமாகத்தான் விழுந்தது. கொழுந்தன் முத்திருளன் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே மறுபடியும் சொன்னான்.

"மதினி, கரடு கெளம்பிருச்சாம்."

"எங்க?"

"காலையில பூசைக்குப் போனவுக பாத்துருக்காக, படியக் காணோமாம். படிக்கு மேல கோயிலக் காணோமாம். கோயிலுக்குக் கீழ கரட்டையே காணோமாம். தேடிப் போனா ஆத்தங்கரையில உக்காந்துருக்காம்."

அழகுநாச்சி அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுத்தாள். "ஆத்தங்கரையில எங்கன?"

"நாம தங்குற எடத்துலதான். அந்த மருத மரத்தடியில."

"அப்பத் தண்ணிக்குக் கொறை இருக்காது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் அண்டாவுக்குள் போய்விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் கை ஓடவில்லை.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஏதோ ஒரு பெருமை உண்டு. ஒரு ஊருக்கு மஞ்சுவிரட்டுக் காளை, இன்னொரு ஊருக்கு வெள்ளரிப் பிஞ்சு, வேறொன்றுமில்லாத ஊருக்கு வாய்; பிரண்டைக்குடிக்கு நடை. தை பிறந்ததும் மாலை போட்டு, மஞ்சள் வேட்டியும் மஞ்சள் சேலையும் கட்டி, செருப்பைக் கழற்றி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, தார் சுடும்போது ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக ஆறு நாள் நடந்து, பூசத்தன்று வேலாங்கரடு என்ற குன்றின் மேலிருக்கும் முருகனின் படியை மிதிப்பார்கள். மற்ற ஊர்க்காரர்களும் நடக்கத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் பஸ்ஸில் இருப்பார்கள், மீதிப் பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமலிருப்பார்கள். பிரண்டைக்குடிக் கூட்டம் மட்டும் கிளம்பிய தலைக்கட்டு குறையாமல், முகம் வாடாமல், ஒரு சுற்றுப் பெருத்துக்கூடப் போய்ச் சேரும்.

அதற்குக் காரணம் அழகுநாச்சி. புருசன் போன பிறகு பந்தல், பாத்திர வாடகைக் கடையைத் தனியாளாக எடுத்து நடத்தியவள், குட்டியானை லோடு வண்டியை வாங்கித் தானே ஓட்டப் பழகியவள், நடைக்காரர்களுக்கு எந்த நாள் எங்கே தங்கல் என்று தீர்மானிக்கும் பொறுப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவள். முதல் நாள் நடை சின்னதாக இருக்கவேண்டும், வெறுங்கால் ரோட்டோடு பழக. இரண்டாம் நாள் நீளமாக, 'என்னத்த நடை, இம்புட்டுத்தானா' என்ற மிதப்பு இருக்கும்போதே தூரத்தைக் கழித்துவிட. மூன்றாம் நாள் மறுபடியும் சின்னதாக, கொப்புளம் அன்றைக்குத்தான் வாயைத் திறக்கும் என்பதால். தங்கலில் நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், பெண்கள் குளிக்க ஒரு சுவர் மறைவு வேண்டும், இடத்துக்காரன் முகஞ்சுளிக்காதவனாக இருக்கவேண்டும், அவன் வீட்டு நாய் அவனைவிடச் சாதுவாக இருக்கவேண்டும். இத்தனையும் பார்த்து அவள் வைத்தவைதான் ஊருணிக்கரை, ரைஸ்மில் களம், மாந்தோப்பு, பூட்டிக் கிடந்த சினிமாக் கொட்டகை, ஆற்றங்கரை என்ற ஐந்து தங்கல்களும். ஒவ்வொரு விடியலிலும் கூட்டம் கிளம்பும் முன்னால் அவள் வண்டியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த தங்கலுக்குப் போய் அடுப்பு மூட்டுவாள். அதற்கு முன்வண்டி என்று பெயர். சோறு கொதித்து அடங்கியதும் முதல் கரண்டியை ஒரு இலைக் கிழிசலில் எடுத்து, கரடு இருக்கும் திசையைப் பார்த்து, தங்கலோரத்துக் கல் ஒன்றின் மேல் வைத்து, "மொதல்ல நீ தின்னு, எங்க ஆளுக வந்துட்டா உனக்கு மிஞ்சாது" என்பாள்.

முன்வண்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. முன்னால் போனவர்தான் பின்னால் வந்தவர் காலைக் கழுவவேண்டும் என்பது பிரண்டைக்குடிக்கு மட்டும் உள்ள வழக்கம். கடைசி நாள் கரட்டின் முதல் படியருகே மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்று, அழகுநாச்சி ஒவ்வொருவர் காலையும் கழுவி மேலே அனுப்புவாள். முதல் கால் எப்போதும் கூட்டத்துக்குத் தலைவரான சோணைமுத்து அம்பலத்துடையது. அவர் வேட்டியை லேசாகத் தூக்கி வலது காலை நீட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு, "விரலிடுக்கு, விரலிடுக்கு" என்பார். அவளும் விரலிடுக்கில் மண் போகத் தேய்த்துவிடுவாள்.

அவள் காலை யாரும் கழுவியதில்லை. வண்டியில் வந்த காலுக்கு அந்தத் தண்ணீர் கிடையாது.

அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. மகன் காளிராசு கைக்குழந்தையாக மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, 'பிள்ளையைக் கொடு, நடந்து வந்து உன் படியை மிதிக்கிறேன்' என்று அவள் நேர்ந்திருந்தாள். பிள்ளையை முருகன் கொடுத்துவிட்டான். அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், மீசையும் தொப்பையும் வைத்துவிட்டான். நேர்த்தி மட்டும் நடக்காமல் அப்படியே நின்றது. ஒவ்வொரு வருசமும் அவள் மாலை போட்டாள், ஒவ்வொரு வருசமும் "இந்த வாட்டி நான் நடக்கப் போறேன், வண்டிக்கு வேற ஆளப் பாருங்க" என்றாள், ஒவ்வொரு வருசமும் எல்லோரும் தாராளமாகத் தலையாட்டிவிட்டுக் கடைசியில் "நீ முன்னாடி போ ஆத்தா, நாங்க வாரோம்" என்றார்கள். ஒரே ஒரு தடவை முத்திருளன் வண்டிக்குப் போனான். குறுக்குவழி என்று கல் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் முதல் தங்கலைப் போட்டு, சாம்பாரில் சல்லித்தூள் விழுந்து, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கூட்டம் தரையில் உட்கார்ந்து அழுதபோது, முதல் நாள் நடையோடு அழகுநாச்சி வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள்.

போன வருசம் எல்லோர் காலையும் கழுவி முடித்து, இடுப்பு நோக, கடைசி ஆளாக மேலே ஏறிப்போய்ச் சன்னதியில் நின்றபோது அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. "ஏன் சாமி, உக்காந்த எடத்துல உக்காந்துக்கிட்டு ஊர நடக்க விட்டு வேடிக்கையா பாக்குற? ஒரு வாட்டி நீ நடந்து பாரு. யாரு முன்னாடி போயி அடுப்பு மூட்டுறா, யாரு பின்னாடி வந்து திங்குறான்னு அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திருநீறு வாங்காமல் இறங்கிவிட்டாள்.

ஆகவே இப்போது அண்டாவுக்குள் இருட்டில் குனிந்திருந்தவளுக்குக் கரடு எந்த ஊருக்குக் கிளம்பியிருக்கிறது என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ரோசக்காரன் மகன் ரோசக்காரன், சொன்ன வார்த்தைக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் கரடு ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பிச் சினிமாக் கொட்டகைக்கு வந்தது. அது நடப்பதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய யாராலும் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது அது கரடாகத்தான் இருந்தது, குனிந்து ஆட்டுக்குக் கயிறு கட்டிவிட்டு நிமிர்ந்தால் ஒரு வயல் தாண்டியிருந்தது. நெல் வயலில் வரப்பை மிதித்து வந்ததே தவிர ஒரு கதிரைச் சாய்க்கவில்லை. கரட்டின் மேல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மேய்ந்துகொண்டே வந்தன, குரங்குகள் வழியில் கொய்யா மரங்களைக் கண்ட இடத்தில் இறங்கி ஏறின, மேலே குடியிருந்த பூசாரிப் பண்டாரம் காலையில் பாலுக்கு இறங்கியபோதுதான் பால்காரன் ஊர் பக்கத்தில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு, வேறொரு ஊர்ப் பால்காரனிடம் முன்பணமில்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அடிவாரத்துப் பூக்கடைக்காரர்களும் பஞ்சாமிர்தக்காரர்களும் கடையைப் பிரித்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். மின்சார வாரியத்து ஆட்கள் முன்னால் ஓடி ஓடிக் கம்பியைத் தளர்த்திக் கட்டினார்கள். பஸ் கண்டக்டர்கள் ஒரே நாளில் பழகிவிட்டு, "கரடு எறங்குறவுகல்லாம் சினிமாக் கொட்டகையில எறங்கு" என்று விசில் அடித்தார்கள். எந்த ஊர் எல்லைக் கணக்கில் கரட்டை எழுதுவது என்று தாலுகா ஆபீசில் கொஞ்சம் குழப்பம் வந்தது. அன்றன்றைக்கு எங்கே உட்காருகிறதோ அங்கே என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

கரடு எங்கெல்லாம் தங்குகிறது என்பதுதான் பிரண்டைக்குடிக்காரர்களின் நெஞ்சை நிமிர்த்தியது. "நம்ம தங்கல்யா! நம்ம அழகுநாச்சி பாத்து வச்ச எடத்துலதான் சாமியே தங்குது! அவ முதக் கரண்டி வச்ச கல்லப் பாத்து உக்காந்துருக்கு!" என்று டீக்கடையிலும் நூறுநாள் வேலையிலும் கூட்டுறவுச் சங்க வாசலிலும் ஒரே பேச்சு. பக்கத்து ஊர்க்காரர்கள் வயிற்றெரிச்சலைக் காட்டிக்கொள்ளாமல் "அப்படியா, சந்தோசம்" என்றார்கள். அதிகாரிகள், போலீஸ், மின்சார வாரியம் எல்லோரும் அழகுநாச்சிக்கே போன் போட்டு, "அம்மா, நாளைக்கு எந்த எடம், எத்தன மணிக்கு" என்று கேட்டார்கள். அவளும் கடையில் உட்கார்ந்து, "மாந்தோப்புங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துரும். கெழக்கால மரம் ரெண்டு காய்ப்புக்கு வந்துருக்கு, அந்தப் பக்கம் கம்பி எதுவும் தாழக் கட்டாதீக" என்று பதில் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மலைக்குத் தங்கல் சொல்லும் பாக்கியம் வேறு எவளுக்குக் கிடைத்திருக்கிறது?

மலை கொட்டகையில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு மாலை அம்பலம் ஊரைக் கூட்டினார். மந்தைவெளியில் கரடு உட்காரட்டும், அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியை மட்டும் இடம் மாற்றினால் போதும் என்று தீர்மானமானது. ஊர் வாசலில் வளைவு, 'மலையே வருக' என்று பிளக்ஸ், அழகுநாச்சி கடையிலிருந்த எல்லாச் சாமியானாவும் மந்தையில். கடைசியில் அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"இன்னைக்குத் தேதிக்கு இந்தச் சீமையிலயே பெரிய ஊரு நம்ம ஊருதான்யா. சாமி நம்மளத் தேடி வருது. இனிமே நாம நடக்க வேண்டியதே இல்ல!"

எல்லோரும் கை தட்டினார்கள். அழகுநாச்சியும் தட்டக் கையைத் தூக்கிவிட்டு, தூக்கியபடியே நின்றாள். நடக்க வேண்டியதே இல்லை. மந்தைக்கும் அவள் கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு தெரு. கரடு வந்து உட்கார்ந்துவிட்டால் அவள் நேர்த்தியை எந்த ரோட்டில் நடப்பது, எந்த வெள்ளைக் கோட்டில் காலை வைப்பது? ரோசத்தில் ஒரு வார்த்தை விட்டதற்கு, அவன் நடந்து காட்டி, அவள் நடையை அடியோடு பிடுங்கிக்கொள்ள வருகிறான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

விடிந்ததும் அவள் வண்டிச் சாவியை முத்திருளன் கையில் வைத்தாள்.

"எங்க மதினி?"

"நடக்கப் போறேன்."

"கரடே வருது, நீங்க எங்க போயி நடப்பீக? நடுவழியில பாத்துட்டீகன்னா அதோட முடிஞ்சுபோச்சே?"

"பாக்குற வரைக்கும் நடக்குறேன். அதுவாச்சும் நடந்ததா இருக்கட்டும்."

செருப்பைக் கழற்றி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். வளைவுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த அம்பலம் ஓடி வந்து மறித்தார்.

"ஏத்தா, என்ன காரியம் பண்ற? நீ பாட்டுக்கு எதுத்தாப்புல போயி நின்னா, வந்த வேல முடிஞ்சதுன்னு கரடு அங்கனயே உக்காந்துட்டா? வேற ஊரு எல்லையில உக்காந்துட்டா நம்ம பெருமை என்னத்துக்கு ஆகும்?"

அழகுநாச்சி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அண்ணே, சம்பந்தி வீட்டுக்காரன் வந்தாலே எல்லைக்குப் போயி எதுத்து அழைக்கிற ஊரு நம்ம ஊரு. மலை வருது, நாம பந்தல்ல நாற்காலியப் போட்டு உக்காந்துருந்தா, பக்கத்து ஊர்க்காரன் எதால சிரிப்பான்?"

அம்பலம் வாழைமரத்தைப் பார்த்து, பக்கத்து ஊர் இருக்கும் திசையைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் பிரண்டைக்குடி முழுவதும் மஞ்சள் துணியோடு ரோட்டில் இருந்தது. ஊரே அவள் பின்னால் நடந்தது. முத்திருளன், தன்னை யாரும் எதுவும் கேட்காததால், கிரஷர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஊருணிக்கரைக்கு வண்டியை விட்டுச் சோறு பொங்கினான். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. எல்லோரும் வழித்துத் தின்றார்கள்.

இரண்டாம் நாள் நீள நடை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் ரைஸ்மில் புகைபோக்கி தெரிந்தது; அதற்குப் பக்கத்தில், அதைவிட உயரமாக, உமியும் தூசியும் படிந்து, வெகுதூரம் நடந்து வந்தவர்களுக்கே உரிய ஒரு அலுப்போடு வேலாங்கரடு உட்கார்ந்திருந்தது. அதன் முதல் படி நெல் காயப்போடும் களத்தின் விளிம்பில் இருந்தது. கூட்டம் "அரோகரா" என்று கத்திக்கொண்டு ஓடியது. அழகுநாச்சியையும் இழுத்தார்கள். அவள் படியருகே போய், ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"ஏறுங்க மதினி" என்றான் முத்திருளன்.

"ஏற மாட்டேன். படி மிதிக்கிறேன்னு மட்டுமா நேந்தேன்? நடந்து வந்து மிதிக்கிறேன்னு நேந்தேன். பாதி நடையில மிதிச்சா பாதிப் பொய்யி."

பிறகு அவள் தலையை நிமிர்த்திக் கரட்டைப் பார்த்தாள். இருபது வருசத்துக்கு மேலாக அடுப்புப் புகைக்கு அப்பாலிருந்து பார்த்த கரடு. இன்று அவள் எதிரில், அவளைப் போலவே புழுதிக்காலோடு.

"நடன்னு சொன்னவ நாந்தான். நடந்துட்ட. நல்லாவே நடந்த, ஒத்துக்கிறேன். மாந்தோப்புல ஒரு பூவக்கூட உதிர்க்காம வந்தியாம், எங்க ஆளுகளுக்கு அது வராது. ஆனா நீ வந்து எங்க மந்தையில உக்காந்துட்டா நான் எங்க நடக்குறது? நான் குடுத்த வார்த்தைய நீயே வழிமறிச்சா நாயமா?" அவள் குரல் உடைந்தது, உடைந்ததை அவள் மறைக்கவில்லை. "நீ முன்னாடி போ சாமி. நான் வாரேன்."

அம்பலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் அன்றைக்குச் சோறு வாங்கவில்லை.

விடிந்தபோது ரைஸ்மில் களத்தில் கரடு இல்லை. களம் சுத்தமாகப் பெருக்கியது போல் கிடந்தது, ஓரத்துக் கல்லின் மேல் வைத்த இலைத் துண்டு காலியாக இருந்தது. அது பிரண்டைக்குடிப் பக்கம் போகவில்லை. வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. சிலர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் கயிறு கட்டி இழுக்கலாமா என்று யோசனை சொன்னார்கள். அம்பலம் ரோட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வளைவையும் பிளக்ஸையும் இடம் மாற்றிய தண்ணீர்த் தொட்டியையும் சொல்லிச் சொல்லிப் புலம்பினார். "ஒரு பொம்பள ரோசத்துக்கு ஒரு ஊரு பெருமையே போச்சே!"

அழகுநாச்சி வெள்ளைக் கோட்டில் ஏறி நடக்க ஆரம்பித்தாள். கூட்டமும், வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பின்னாலேயே வந்தது. அம்பலம் கடைசியில் வந்தார்.

அது மூன்றாம் நாள் நடை, அவள் 'சின்ன நடை' என்று பேர் வைத்த நடை. வண்டி சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துத்தான் அவள் அதைச் சின்னது என்று சொல்லியிருந்தாள். ரைஸ்மில்லுக்கும் மாந்தோப்புக்கும் நடுவில் ஒரு மேடு உண்டு என்பது வண்டிக்குத் தெரியாது. கியரை மாற்றினால் ஏறிவிடும். காலுக்குத் தெரியும். கொப்புளம் வாய் திறந்த காலோடு அந்த மேட்டில் ஏறியபோது குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை அவளுக்கு எரிந்தது. மேடு முடிந்தது என்று நினைத்த இடத்தில் இன்னொரு மேடு இருந்தது. அவள் நின்று, மூச்சு வாங்கி, பக்கத்தில் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தன வருசமா இதுலயா உங்கள நடக்க விட்டேன்? ஏன் ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல?"

கூட்டத்தின் கடைசியிலிருந்து அம்பலத்தின் குரல் வந்தது, கோபம் இன்னும் போகாத குரல்தான்.

"மேடு ஏறி எறங்குனா உன் கத்தரிக்கா சாம்பாரு வாசம் வரும்ல ஆத்தா. அதுக்கப்பறம் எவன் மேட்டப் பத்திப் பேசுவான்?"

அழகுநாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்காமல் மேலே ஏறினாள்.

மேட்டின் உச்சியில், சாம்பார் வாசம் வரவேண்டிய இடத்தில், பொங்கல் வாசம் வந்தது. நெய்யும் மிளகும் ஏலக்காயும் கலந்த, கோயில் மடைப்பள்ளிக்கே உரிய வாசம். கீழே மாந்தோப்பு தெரிந்தது. தோப்பை அணைத்துக்கொண்டு வேலாங்கரடு உட்கார்ந்திருந்தது. அதன் நிழல், தோப்பின் நிழல் போதாத இடத்துக்கெல்லாம் நீண்டு, ஊர் முழுக்கப் படுத்துருளும் அளவுக்கு விரிந்திருந்தது. கரட்டின் சுனை வழிந்து, பெண்கள் குளிக்கும் சுவருக்குப் பின்னால் ஒரு தொட்டியாகத் தேங்கியிருந்தது. மடைப்பள்ளிக் கூரையிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. பண்டாரம் கரண்டியோடு பாதிப் படியில் நின்று, "வெரசா வாங்கப்பா, ஆறிப்போகுது" என்று கத்தினார்.

முத்திருளன்தான் முதலில் கண்டுகொண்டான். காலைக் கலவரத்தில் கிளம்பப் பிந்திக் கூட்டத்தோடேயே வந்த வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். "மதினி, எனக்கு வேலையில்ல. முன்வண்டி போயிருச்சு."

அம்பலம் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கீழே வெகுநேரம் பார்த்தார். நிழலைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். மெல்ல அவர் முதுகு நிமிர்ந்தது. இடுப்பில் கிடந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏய், எல்லாரும் தலையத் தூக்கி நடங்கய்யா! சாமி வந்து உக்காந்த ஊரு நூறு இருக்கும். நமக்கு ஒரு மலை முன்வண்டி போகுதுய்யா! எந்த ஊருக்குப் போயிருக்கு? எவனாச்சும் சொல்லச் சொல்லு பாப்போம்!"

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் நடந்த நடையை நடை என்று சொல்வது குறைவு. ஒவ்வொரு விடியலிலும் கரடு அவர்களுக்கு முன்னால் போயிருக்கும். ஒவ்வொரு தங்கலிலும் நிழலும் சுனையும் சூடான பொங்கலும் காத்திருக்கும். வழியிலுள்ள ஊர்க்காரர்கள் ரோட்டோரம் வந்து நின்று, பானகமும் மோரும் கொடுத்து, "நீங்கதான் பிரண்டைக்குடியா?" என்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் அம்பலம் நின்று நிதானமாகப் பதில் சொன்னதில் நடை கொஞ்சம் தாமதப்பட்டது. கண்டக்டர்கள் பஸ்ஸை ஓரங்கட்டி, கரடு எவ்வளவு தூரத்தில் போகிறது என்று தகவல் சொல்லிவிட்டுப் போனார்கள். சினிமாக் கொட்டகையில் குரங்குகள் திரையிருந்த சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்து இவர்கள் வருவதைப் பார்த்தன. திருப்பூரிலிருந்து காளிராசு போன் போட்டு, "ஆத்தா, உன்னய டிவியில காட்டுறாக, கால நொண்டுற, ஆஸ்பத்திரிக்குப் போ" என்றான். "போடா, நீ பொழச்ச கதைக்கு நான் நொண்டுறேன்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். முருகனோ ஆளோ, தனக்கு முன்னால் ஒருவர் போய் அடுப்பு மூட்டியிருக்கிறார் என்ற நினைப்போடு நடப்பது எப்படிப்பட்ட சுகம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருசமும் இந்தச் சுகத்தைத்தான் அவள் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பதும் தெரிந்தது. அதில் அவளுக்கு வந்த கர்வத்தை அடக்கிக்கொள்ள அவள் பிரயத்தனப்படவில்லை.

பூசத்தன்று காலை அவர்கள் வேலாங்கரட்டின் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கரடு எங்கும் போகாதது போல அங்கே உட்கார்ந்திருந்தது. பூக்கடைக்காரர்கள் பழைய இடத்திலேயே கடை விரித்திருந்தார்கள். முதல் படியருகே, வருசா வருசம் அவள் நிற்கும் இடம், குடமில்லாமல் காலியாக இருந்தது.

கூட்டம் தயங்கி நின்றது. கால் கழுவாமல் பிரண்டைக்குடிக்காரர்கள் படி ஏறியதில்லை. முன்வண்டியில் போனவர்தான் கழுவவேண்டும், முன்வண்டியாய்ப் போனதோ கரடு. முத்திருளன் குடத்தை எடுக்கத் திரும்பியபோது அம்பலம் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். பிறகு வழி விட்டு ஒதுங்கி, பின்னால் நின்றவர்களையும் கையாலேயே ஒதுக்கிவிட்டு, "இந்த வருசம் மொதக் காலு அழகுநாச்சியோடதுய்யா" என்றார்.

அழகுநாச்சி நொண்டிக்கொண்டு முன்னால் போய்ப் படியருகே நின்றாள். மேலே சுனைப் பக்கம் ஒரு சலசலப்புக் கேட்டது. முதலில் மேல்படி நனைந்தது, பிறகு அதற்கடுத்த படி, பிறகு அதற்கடுத்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக, மஞ்சள் கரைந்த தண்ணீர் இறங்கி வந்து, கடைசிப் படியின் விளிம்பில் ஒரு நொடி நின்று, வழிந்து, வெடித்துக் கறுத்துப் புழுதியப்பியிருந்த அவள் காலின் மேல் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

அழகுநாச்சி சேலையை லேசாகத் தூக்கி, வலது காலை நன்றாக நீட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு, "விரலிடுக்கு சாமி, விரலிடுக்கு" என்றாள்.